போர்க்கடனுக்குக் கணக்குக் கேட்ட கொங்குச் சான்றோர்: சர் ஆர். கே. சண்முகம் செட்டியார்

உழவும் நெசவும் கொங்கு நாட்டின் இரு கண்கள். காவிரியும் பவானியும் நொய்யலும் அமராவதியும் வளம் சேர்க்கும் இந்நிலத்து மக்கள் உழைப்பால் உயர்ந்தவர்கள். கொடுத்ததையும் கொண்டதையும் மறவாமல் கணக்கு வைப்பவர்கள். அம்மண்ணில் தோன்றி, உலக நாடுகளின் அவையில் ஓர் ஏழை நாட்டுக்காகக் கணக்குக் கேட்ட பெருமகனார் சர் ஆர். கே. சண்முகம் செட்டியார்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர் என்று நூல்கள் அவரைக் குறிக்கின்றன. 1947 நவம்பர் 26ஆம் நாள் நாட்டின் முதல் வரவு செலவுத் திட்டத்தை அளித்தவர் என்பதோடு அவர் வரலாற்றைப் பலர் முடித்துவிடுகின்றனர். அச்செயலுக்கு முன்னும் பின்னும் வேறொரு வரலாறு உண்டு. சப்பானியப் படைகள் கீழ்த்திசை நாடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கைப்பற்றிய ஆண்டுகள், அவற்றை எதிர்த்து நடந்த போருக்கு இந்திய மக்கள் கொடுத்த விலை, அவ்விலையைத் திருப்பித் தருமாறு சண்முகம் செட்டியார் வாதிட்ட வாதம் ஆகிய மூன்றும் அவ்வரலாற்றில் பின்னிக் கிடக்கின்றன.

பிறப்பும் பொதுவாழ்வும்

சண்முகம் செட்டியார் 1892 அக்டோபர் 17ஆம் நாள் கோவையில், வணிகத்தில் சிறந்த செல்வக் குடும்பத்தில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றுச் சட்டமும் பயின்றார். 1917இல் கோவை நகராட்சி உறுப்பினராகிப் பொதுவாழ்வில் அடியெடுத்து வைத்தார். 1920இல் சென்னைச் சட்ட மேலவையிலும், 1924 முதல் தில்லி மத்திய சட்டமன்றத்திலும் இடம் பெற்றார். சுயராஜ்யக் கட்சியில் பணியாற்றியவர். நீதிக்கட்சியாரோடும் சுயமரியாதை இயக்கத்தாரோடும் நெருங்கிப் பழகியவர். ஒரு கட்சியின் வேலிக்குள் அவரை அடைத்துக் காண்பது அரிது.

1933இல் மத்திய சட்டமன்றத்தின் தலைவராக அமர்ந்தார். 1932இல் ஒட்டாவா நகரில் கூடிய பேரரசுப் பொருளாதார மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். அம்மாநாட்டு உடன்பாடு இங்கிலாந்துக்கே ஆதாயம் என்று தேசியவாதிகள் கண்டித்தனர். அதற்கு ஆதரவாக நின்றவர் என்ற குறை அவர்மேல் படிந்தது. 1934ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசு வேட்பாளரிடம் தோற்றார். ஆயினும் வணிகம், சுங்கம், நாணய மாற்று முதலியவற்றில் அவருக்கிருந்த புலமையை எதிர்த்தரப்பினரும் மறுத்ததில்லை. கோவைப் பஞ்சுச் சந்தையின் ஏற்ற இறக்கங்களை இளமையிலேயே கண்டவருக்கு உலகச் சந்தையின் கணக்கு அயலாகத் தோன்றவில்லை.

கொச்சியின் திவான்

1935இல் அவர் கொச்சி நாட்டின் திவானானார். ஆறு ஆண்டுகள் நீடித்த அப்பணியில் இரண்டு செயல்கள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, மன்னராட்சி நடந்த அந்நாட்டில் மக்கள் சார்பாளர் ஒருவர் சில துறைகளுக்கு அமைச்சராகும் முறையை 1938இல் நடைமுறைப்படுத்தியது. மற்றது கொச்சித் துறைமுகத்தின் வளர்ச்சிக்குத் துணை நின்றது. பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ மணல்திட்டை வெட்டிக் கப்பல் உள்ளே வர வழி செய்த துறைமுகம் அது. 1936இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. எர்ணாகுளத்தின் நீர்முனைச் சாலை அவர் பெயரால் சண்முகம் சாலை என்று வழங்குகிறது.

அத்துறைமுகத்தின் அருமை சில ஆண்டுகளில் வெளிப்பட்டது. கிழக்குக் கடலின் துறைகள் சப்பானியர் கைக்குப் போன பின், மேற்குக் கடற்கரையின் கொச்சி ஆங்கிலேயக் கடற்படைக்கு இன்றியமையாத தங்குதுறையாயிற்று.

கீழ்க்கடலில் மூண்ட தீ

1931இல் மஞ்சூரியாவைக் கைப்பற்றிய சப்பான் 1937இல் சீனத்தின்மீது முழுப்போர் தொடுத்தது. 1940இல் இந்தோசீனத்தின் வடபகுதியில் கால் ஊன்றி, மறு ஆண்டு தென்பகுதியிலும் படைகளை நிறுத்தியது. அமெரிக்கா எண்ணெய் விற்பனையை நிறுத்தவே, தென்கிழக்காசியாவின் எண்ணெய், இரப்பர், ஈயம் ஆகியவற்றைப் படைவலியால் அடைவதெனச் சப்பானிய அரசு முடிவு செய்தது.

இச்சூழலில்தான் சண்முகம் செட்டியார் வாசிங்டன் நகரில் இந்தியக் கொள்முதல் குழுவின் தலைவராகப் பொறுப்பேற்றார். அப்பொறுப்பு 1941-42ஆம் ஆண்டுகளுக்குரியது. நேசநாடுகளுக்குப் போர்க்கருவிகளையும் பிற பொருள்களையும் வழங்கும் கடன்-குத்தகைச் சட்டத்தை அமெரிக்கா 1941 மார்ச்சில் இயற்றியிருந்தது. இந்தியாவில் பெருகிவந்த படைக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேண்டியவற்றை அமெரிக்காவிலிருந்து பெறுவது அக்குழுவின் பணி. போர் தொடங்கிய 1939இல் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் கொண்டிருந்த இந்தியப் படை, போர் முடிந்தபோது ஏறத்தாழ 25 இலட்சம் பேரைக் கொண்டதாக வளர்ந்தது.

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. அதே வேளையில் மலாயாவின் கோத்தா பாருக் கரையிலும் சப்பானியர் இறங்கினர். டிசம்பர் 10ஆம் நாள் ஆங்கிலேயரின் பெரும் போர்க்கப்பல்கள் இரண்டு மலாயாக் கடலில் மூழ்கின. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. சிறைப்பட்ட இந்திய வீரர் மட்டும் 40,000க்கு மேற்பட்டோர். மார்ச்சு 8இல் இரங்கூனும், மார்ச்சு 23இல் அந்தமானும் சப்பானியர் வசமாயின. ஏப்ரல் 5இல் கொழும்பு மீதும், 6இல் விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும், 9இல் திரிகோணமலை மீதும் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் கூட்டம் கூட்டமாக உள்நாட்டு ஊர்களை நோக்கிப் பெயர்ந்தனர். பர்மாவில் வாழ்ந்த இந்தியர் பல இலட்சம் பேர் காடும் மலையும் கடந்து தாயகம் நோக்கி நடந்தனர். வழியில் மாண்டவர்க்குக் கணக்கில்லை.

மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சேலம், திருச்சி, கோவை மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாகச் சென்ற குடும்பங்களும் அங்கே வாழ்ந்தன. சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942-43ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில்பாதைக்கு அத்தமிழர் இழுத்துச் செல்லப்பட்டனர். காலராவுக்கும் பசிக்கும் அடிக்கும் பல்லாயிரவர் பலியாயினர். ஆசியா ஆசியருக்கே என்று முழங்கி வந்த பேரரசு, ஆசியத் தொழிலாளரின் எலும்புகள்மீது தண்டவாளம் இட்டது.

கோவையில் போரின் நிழல்

போர்க்களம் தொலைவில் இருந்தும் கொங்கு நாடு அதன் வெப்பத்தை உணர்ந்தது. பைக்காரா மின்சாரம் 1930களில் வந்தபின் பெருகிய கோவை ஆலைகள் போர்க்காலத் தேவைக்காக இரவும் பகலும் ஓடின. பீளமேட்டில் ஆங்கிலேயக் கடற்படையின் விமானங்களைப் பழுதுபார்க்கும் நிலையம் அமைந்தது. சூலூரில் விமான தளம் உருவாயிற்று.

அதே கோவையில் 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் கனன்றது. படைக்கலம் ஏற்றிச் சென்ற இரயில் கவிழ்க்கப்பட்டது. சூலூர் விமான தளத்துக் கொட்டகைகளுக்கும் வண்டிகளுக்கும் தீ வைக்கப்பட்டது. ஆலைத் தொழிலாளரும் உழவர் வீட்டு இளைஞரும் சிறை சென்றனர். தடியடிக்கும் தண்டத்துக்கும் ஊர்கள் உள்ளாயின. தம்மைக் கேளாமலே தம் நாட்டைப் போரில் ஈடுபடுத்திய ஆட்சியை எதிர்த்தவர்கள் அவர்கள். அவ்வாட்சியின் சார்பாகவே கடல்கடந்து பொறுப்பேற்றவர் சண்முகம் செட்டியார். ஒரே ஊரின் மக்கள் இவ்வாறு எதிரெதிர்த் திசைகளில் நின்ற காலம் அது. சிறை சென்றவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இதனை மறைத்து அவரைப் போற்றுவது அவருக்கும் வரலாற்றுக்கும் நேர்மையாகாது.

இருவேறு வழிகளில் சென்றோரையும் ஒருங்கே தாக்கியது விலையேற்றம். அதன் தோற்றம் ஓர் ஏற்பாட்டில் இருந்தது. இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் போருக்கு இந்தியா அளிக்கும் படைக்கும் பொருளுக்கும் பிரிட்டன் விலை தரவேண்டும் என்று போரின் தொடக்கத்தில் உடன்பாடு செய்யப்பட்டது. அவ்விலை பொன்னாகவோ பொறியாகவோ இந்தியாவுக்கு வரவில்லை. இலண்டனில் இந்தியாவின் பெயரில் ஸ்டெர்லிங் கணக்கில் எழுதி வைக்கப்பட்டது. அக்கணக்கை ஈடாகக் காட்டி இந்தியாவில் ரூபாய் நோட்டுகள் அச்சிடப்பட்டன. 1939இல் 180 கோடி ரூபாய் அளவில் புழங்கிய நோட்டுகள் 1945இல் ஆறு மடங்குக்கு மேல் பெருகின. துணியும் தானியமும் படைக்குச் சென்றன. தாள் மட்டும் ஊரில் தங்கியது. நூல் கிடைக்காமல் கைத்தறிகள் ஓய்ந்தன. 1943இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது.

வங்காளத்தின் துயரமோ எல்லை கடந்தது. பர்மா அரிசியின் வரவு நின்றது. சப்பானியர் கரையிறங்கினால் பயன்படுத்தக்கூடும் என்று அஞ்சிக் கடலோர மாவட்டங்களில் பல்லாயிரம் படகுகளை அரசு கைப்பற்றியது; நெல்லும் அப்புறப்படுத்தப்பட்டது. படையின் தேவையும் விலையேற்றமும் பதுக்கலும் ஆட்சியாளரின் அலட்சியமும் சேர்ந்தன. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்திலும் அதனைத் தொடர்ந்த நோயிலும் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மாண்டனர். இலண்டன் பேரேட்டில் ஏறிய ஒவ்வொரு பவுனுக்கும் பின்னால் எங்கோ ஒரு வயிறு காய்ந்திருந்தது.

பிரட்டன் வுட்ஸ் அவையில்

1944 மார்ச்சில் சப்பானியப் படை ஏறத்தாழ 85,000 வீரருடன் இந்திய எல்லைக்குள் புகுந்தது. இம்பாலும் கோகிமாவும் முற்றுகையிடப்பட்டன. தளபதி ஸ்லிம் தலைமையிலான பதினான்காம் படை, விமானம் வழியாக உணவும் வெடிப்பொருளும் பெற்று அசையாது நின்றது. அப்படையில் பெரும்பாலோர் இந்தியர். எதிர்ப்புறத்திலும் இந்தியர் இருந்தனர். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943இல் சிங்கப்பூரில் தலைமையேற்ற இந்திய தேசியப் படையில் மலாயாத் தமிழ் இளைஞர் பலர் சேர்ந்திருந்தனர். அப்படையின் பிரிவுகள் எல்லைப் போரில் ஈடுபட்டன. ஜூன் 22ஆம் நாள் கோகிமா - இம்பால் சாலை மீண்டும் திறந்தது. ஜூலைத் தொடக்கத்தில் சப்பானியருக்குப் பின்வாங்கும் ஆணை பிறந்தது. மழையிலும் பசியிலும் நோயிலும் அவர்கள் படையின் பாதிக்கு மேல் அழிந்தது.

அதே ஜூலை முதல் நாள், அமெரிக்காவின் பிரட்டன் வுட்ஸ் என்னும் மலையூரில் 44 நாடுகளின் நிதி மாநாடு தொடங்கியது. போருக்குப் பின் உலகின் நாணய முறையை வகுக்கக் கூடிய அவை அது. உலக நாணய நிதியும் உலக வங்கியும் அங்கேதான் உருவாயின. இந்தியக் குழுவுக்கு ஜெரமி ரெய்ஸ்மன் என்ற ஆங்கிலேயர் தலைவர். சி. டி. தேஷ்முக், ஏ. டி. ஷெராப் ஆகியோருடன் சண்முகம் செட்டியாரும் உறுப்பினராக இருந்தார்.

இந்தியர் எழுப்பிய முதன்மையான வினா ஸ்டெர்லிங் நிலுவை பற்றியது. போரில் பிரிட்டன் பட்ட கடனைப் போர் முடிந்தபின் இந்தியா எவ்வாறு பெறும்? அக்கடனில் ஒரு பகுதியையாவது பிற நாடுகளின் நாணயமாக மாற்றிக்கொள்ளப் புதிய நிதி உதவ வேண்டும் என்று இந்தியக் குழு வாதிட்டது. எகிப்து துணை நின்றது. பிரிட்டனும் அமெரிக்காவும் இசையவில்லை. கடன் தங்களுக்கும் கடன் கொடுத்த நாடுகளுக்கும் உரிய செய்தி என்றும், மதிப்போடு தீர்க்கப்படும் என்றும் பிரிட்டன் சார்பில் பொருளியல் பேரறிஞர் கெயின்ஸ் உறுதி கூறினார். வாதத்தில் வெற்றி கிட்டாவிட்டாலும், உலக அவையின் முன் அவ்வுறுதி பெறப்பட்டது ஒரு பயனாகும்.

மற்றொரு திருத்தத்திலும் சண்முகம் செட்டியாரின் பங்கு உண்டு. வளர்ந்த நாடுகளின் வாணிகத்தை மட்டும் எண்ணி வகுத்த நோக்கங்களில், பின்தங்கிய நாடுகளின் வளர்ச்சியும் இடம்பெற வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். வறுமையில் கிடக்கும் நாடுகளை அப்படியே விட்டுவிட்டு உலக வாணிகத்தின் சமநிலையைப் பேசுவதில் பொருளில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். உறுப்பு நாடுகள் அனைத்தின் ஆக்க வளங்களையும் வளர்ப்பது நிதியின் நோக்கங்களுள் ஒன்றாக அதன் சாசனத்தில் இடம்பெற்றமைக்கு இந்தியக் குழுவின் முயற்சி ஒரு காரணமாகும்.

அமைச்சரும் கடன் தீர்வும்

1947 ஆகஸ்ட் 15ஆம் நாள் அமைந்த நேருவின் அமைச்சரவையில், காங்கிரசில் இல்லாத அவர் நிதியமைச்சரானார். பிரிவினையின் குருதி உலராத நவம்பரில் அளித்த முதல் வரவு செலவுத் திட்டத்தில் வருவாய் 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி ரூபாய். அச்செலவில் 92.74 கோடி பாதுகாப்புக்குரியது. போர் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும், பசித்த நாட்டின் பணத்தில் ஏறத்தாழப் பாதியைப் படையே கொண்டது.

போரின் முடிவில் இலண்டனில் நின்ற இந்திய நிலுவை ஏறத்தாழ 130 கோடி பவுன். கடன்பட்டிருந்த இந்தியா, கடன் கொடுத்த நாடாக மாறியிருந்தது. ஆனால் பிரிட்டனிடம் கொடுக்கப் பணமில்லை. நிலுவையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவேண்டும் என்ற குரலும் அங்கே எழுந்தது. 1948ஆம் ஆண்டுக் கோடையில் சண்முகம் செட்டியார் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கி இலண்டன் சென்றார். ஜூலையில் உடன்பாடு முடிந்தது. கடன் தள்ளுபடியாகவில்லை. தவணை தவணையாக விடுவிக்கப்பட்டது. ஆனால் ஆங்கிலேயர் இந்தியாவில் விட்டுச்சென்ற படைத் தளவாடங்களுக்கும் அமைப்புகளுக்கும் விலையாக 10 கோடி பவுன் கழிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற ஆங்கிலேய அலுவலர்களின் ஓய்வூதியத்துக்காக மேலும் ஒரு பெருந்தொகை ஒதுக்கப்பட்டது. சப்பானை எதிர்க்க இந்திய மண்ணில் குவித்த தளவாடத்தை, இந்தியர் பசித்துச் சேர்த்த பணத்தாலேயே இந்தியா விலைக்கு வாங்கியது. விலை மிகுதி என்று பலர் குறை கூறினர்; தளவாடங்களின் மூலமதிப்பு அதனினும் பன்மடங்கு என்பது அரசு தரப்பின் விடை.

அடுத்த மாதமே அவர் பதவி விலக நேர்ந்தது. வருமானவரி விசாரணைக் குழுவுக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் திரும்பப் பெறப்பட்டமை நாடாளுமன்றத்தில் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பொறுப்பேற்று அவர் விலகினார். பிறரிடம் கணக்குக் கேட்டவர் தம் துறையின் கணக்குக்கு விடை சொல்லவேண்டி வந்தது காலத்தின் நெறி போலும்.

தமிழ்ப்பணி

நிதித்துறை வல்லுநர் என்ற புகழ் அவருடைய தமிழ்ப்புலமையைப் பெரிதும் மறைத்துவிட்டது. போர் நடந்த அதே ஆண்டுகளில் தமிழிசை இயக்கம் எழுந்தது. தமிழ்நாட்டு அரங்குகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்று அண்ணாமலை அரசர் தொடங்கிய அவ்வியக்கத்திற்கு அவர் தூணாக நின்றார்; 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்தின் தலைமையையும் ஏற்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் சிறிது காலம் பணியாற்றினார்.

சிலப்பதிகாரத்தில் அவருக்கிருந்த ஈடுபாடு ஆழமானது. 1946இல் புகார்க் காண்டத்தை உரையுடன் பதிப்பித்தார். கப்பலும் சுங்கமும் பண்டசாலையும் பல்மொழி பேசும் வணிகர் தெருக்களும் நிறைந்த புகார் நகரை, கொச்சித் துறைமுகத்தைப் பேணியவர் விளக்க முற்பட்டது இயல்பான பொருத்தம். காப்பியம் புகாரோடு முடிவதில்லை. இழப்புக்குக் கணக்குக் கேட்கும் பெண்ணொருத்தி அடுத்த காண்டத்தில் அரசவை புகுகிறாள். அக்காண்டத்தின் நீதி அவர் நெஞ்சில் படிந்திருந்தது எனக் கருத இடமுண்டு.

1952இல் சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற அவர், 1953 மே 5ஆம் நாள் தம் அறுபதாம் வயதில் மறைந்தார்.

சப்பானியப் போரின் வரலாற்றைத் தளபதிகளின் பெயர்களால் எழுதுவது வழக்கம். படைகளை நடத்திய உணவும் துணியும் யாருடையவை, அவற்றின் விலையை யார் தந்தார் என்ற வினாவும் அவ்வரலாற்றின் பகுதியே. அவ்வினாவை உலக அவையில் எழுப்பிய குரல்களுள் ஒன்று கோவையிலிருந்து சென்றது. அவர் கேட்ட கணக்கில் பவுன்கள் ஒருவாறு தீர்ந்தன. சயாம் காட்டில் மடிந்த தோட்டத் தொழிலாளரும், வங்காளத் தெருக்களில் வீழ்ந்த உழவரும், சூலூர்த் தீக்காகச் சிறை புகுந்த இளைஞரும் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. அவர்களை ஏற்றும் பொறுப்பு நிதியமைச்சர்களால் முடிவதன்று. அது பாடவல்லார் கையில் உள்ளது.